கரண்ட் பாதி, கற்பித்தல் மீதி

மருந்துச் சீட்டும் இல்லை, கத்தியும் இல்லை. நோயாளி வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார் என்பதில்தான் பிசியோதெரபியின் பலன் இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்கும் வேலை எப்படி நடக்கிறது?

இதய பைபாஸ் அறுவை நடக்கும் எந்த மருத்துவமனை வார்டிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அறுவைக்கு முந்தைய நாள் நோயாளியின் கையில் ஒரு பிளாஸ்டிக் கருவி தரப்படுகிறது. மூன்று குழல்கள், மூன்று பந்துகள், ஒரு வளைகுழாய். அவர் குழாயை வாயில் வைத்து, கன்னம் உப்ப, பலம்கொண்ட மட்டும் ஊதுகிறார். பந்துகள் மேலே எழுவதாக இல்லை. கருவி பழுது என்று முடிவுகட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்.

கருவியில் பழுது ஒன்றுமில்லை. அது ஊதுவதற்கானதல்ல, உறிஞ்சுவதற்கானது. மூச்சை நிதானமாக உள்ளே இழுத்தால் பந்துகள் எழும். நெஞ்செலும்பைப் பிளந்து மீண்டும் சேர்த்துக் கட்டிய வலியில் யாருக்கும் ஆழ்ந்து மூச்சிழுக்கத் தோன்றாது. மேலோட்டமான மூச்சோடு நாட்கள் கழிந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், காய்ச்சல் வரும். பந்துகள் அதைத் தவிர்க்கத் தரப்படும் ஒரு தூண்டுகோல். கூடவே இன்னொரு பாடமும் உண்டு: இருமல் வந்தால் அடக்காதீர்கள், தலையணையை நெஞ்சோடு இறுக அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

ஊதாதீர்கள், உறிஞ்சுங்கள். இரண்டே சொற்களில் முடிந்துவிடும் பாடம்தான். ஆனால் அருகில் நின்று அதைச் சொல்ல ஒருவர் வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, நோயாளி சரியாகச் செய்துகாட்டும்வரை காத்திருக்கவும் வேண்டும். கருவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தால் பில்லில் ஒரு வரி கூடும். நுரையீரலில் காற்று கூடாது.

இந்த வேலையைச் செய்பவர் பிசியோதெரபிஸ்ட். தமிழில் இயன்முறை மருத்துவர் என்றும் சொல்கிறார்கள். கை கால்களைப் பிடித்து நீட்டுபவர், மசாஜ் செய்பவர், மெஷின் வைப்பவர் என்றெல்லாம் பொதுமக்கள் அவரைப் பற்றி வைத்திருக்கும் சித்திரத்தில் ‘ஆசிரியர்’ என்ற பாத்திரம் இல்லை. ஆனால் அவரது வேலையில் பெரும்பங்கு அதுதான். ஒரு சாதாரணக் கணக்கு இதை உணர்த்தும். வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 40 நிமிடம் ஒருவர் சிகிச்சைக்கு வருகிறார் என்றால், மொத்தம் 2 மணி நேரம். வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். மீதி 166 மணி நேரமும் அந்த முழங்காலும் முதுகும் தோளும் நோயாளியின் பொறுப்பில்தான் இருக்கின்றன. சிகிச்சையாளரின் கை எட்டாத அந்த நேரத்தை எட்டக்கூடியது அவரது பேச்சு ஒன்றே.

படுத்தால் போதும்

தமிழ்நாட்டில் ‘கரண்ட் வைக்கப் போகிறேன்’ என்பார்கள். வடக்கே போனால் ‘சிகாயி’ என்பார்கள், அதாவது ஒத்தடம். சொற்கள் வேறானாலும் எதிர்பார்ப்பு ஒன்றுதான். நோயாளி படுத்துக்கொள்ள வேண்டும், வேறொருவர் எதையாவது செய்ய வேண்டும், வலி போய்விட வேண்டும். சூடான பையோ மெழுகு ஒத்தடமோ மின் தூண்டலோ சற்று நேரம் சுகமாக இருப்பது உண்மை. அந்தச் சுகம் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் கேள்வி. பிரிட்டனின் தேசிய சிகிச்சை வழிகாட்டி அமைப்பான ‘நைஸ்’, 2016இல் இடுப்புவலிக்கான தன் பரிந்துரைகளை வெளியிட்டபோது அல்ட்ராசவுண்ட், டென்ஸ் போன்ற மின்கருவிச் சிகிச்சைகளைத் தர வேண்டாம் என்றே சொன்னது. அது முன்வைத்தவை உடற்பயிற்சி, நோயாளி தன்னைத் தானே பார்த்துக்கொள்வதற்கான அறிவுரை, வழக்கமான வேலைகளைத் தொடர்வது.

இந்தியக் கிளினிக்குகளில் மின்கருவிகள் எளிதில் விடைபெறப் போவதில்லை. அதற்குக் காரணம் மருத்துவமல்ல, மனநிலை. பணம் கட்டிவிட்டு வெறும் பேச்சைக் கேட்டுவருவதா என்ற எண்ணம் நோயாளிக்கு. ஒருவரைக் கருவியில் இணைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கலாம் என்ற வசதி கிளினிக்குக்கு. ‘இன்று உங்களுக்கு வலி ஏன் வருகிறது என்று அரை மணி நேரம் விளக்கினேன், கட்டணம் இவ்வளவு’ என்று எழுதப்பட்ட ரசீதை யாரும் பார்த்திருக்க முடியாது. அதனால் விவரம் தெரிந்த சிகிச்சையாளர்கள் ஒரு சமரசம் செய்துகொள்கிறார்கள். ஒத்தடம் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தையே வகுப்பறை ஆக்கிவிடுகிறார்கள். நோயாளியால் எழுந்து போக முடியாது, செல்போனும் பைக்குள் இருக்கும். பாடம் நடத்த இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

சொல்லே நோயாகும்போது

பாடம் எதிலிருந்து தொடங்க வேண்டும்? பெரும்பாலும் நோயாளி கொண்டுவரும் சொற்களிலிருந்து. ‘மூட்டு தேய்ந்துவிட்டது’, ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’, ‘டிஸ்க் விலகிவிட்டது’ என்று தெற்கிலும், ‘நஸ் தப் கயீ’ (நரம்பு அழுந்திவிட்டது) என்று இந்திப் பகுதிகளிலும் அவர்கள் சொல்கிறார்கள். இந்தச் சொற்களுக்குள் ஒரு முழுச் சிகிச்சை முறையே ஒளிந்திருக்கிறது. தேய்ந்த செருப்பை மேலும் நடந்து தேய்ப்பவர் உண்டா? விலகிய பொருளை அசைக்கலாமா? ஆகவே நடக்காமல், குனியாமல், அசையாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று நோயாளி தானாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். முழங்காலைச் சுற்றியுள்ள தசை மெலிகிறது. மெலிந்த தசையால் மூட்டைத் தாங்க முடியாததால் வலி கூடுகிறது. ‘பார்த்தீர்களா, இன்னும் தேய்ந்துவிட்டது’ என்று அந்தச் சொல் தன்னைத் தானே நிரூபித்துக்கொள்கிறது.

மூட்டு செருப்பல்ல. குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. அசைவின்போது அழுந்தி விரிவதன் மூலமே அது பெருமளவு ஊட்டம் பெறுகிறது. அளவான நடையும் தொடைத் தசைப் பயிற்சியும் மூட்டுக்கு எதிரிகளல்ல, துணைகள். இதை நோயாளியின் மொழியில் சொல்லத் தெரிந்தவர் பாதி வைத்தியம் முடித்தவர். ஆனால் பிசியோதெரபிப் படிப்பு இந்தியாவெங்கும் ஆங்கிலத்தில் நடக்கிறது. நான்கரை ஆண்டுகள் ‘டிஜெனரேஷன்’ என்று படித்தவர், நோயாளியிடம் பேசும்போது கைக்குக் கிடைத்த முதல் சொல்லான தேய்மானத்தை எடுத்துப் போடுகிறார். மொழிபெயர்ப்பில் நேரும் இந்தச் சிறு சறுக்கலுக்கு விலை கொடுப்பது ஒரு முழங்கால்.

ஸ்கேன் அறிக்கைகள் அச்சத்தை இரட்டிப்பாக்குகின்றன. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. 20 வயதினரில் 37 சதவிகிதத்தினருக்கும், 80 வயதினரில் 96 சதவிகிதத்தினருக்கும் டிஸ்க்கில் வயதின் அடையாளங்கள் தெரிந்தன. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது, எம்.ஆர்.ஐ. காட்டும் பல ‘கோளாறுகள்’ தலையில் விழும் நரை போன்றவை. அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்கும் 35 வயது வங்கி ஊழியரிடம் இந்த ஒரு தகவலைப் பக்குவமாகச் சொல்வதும் ஒரு சிகிச்சைதான். உண்மையிலேயே ஆபத்தான அறிகுறிகளைப் பிரித்துச் சொல்வது அதே பாடத்தின் மறுபாதி. கால் பலவீனமாகிக்கொண்டே போவது, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, இடுப்புக்கடியில் மரத்துப்போவது ஆகியவை இருந்தால் பயிற்சிக்கு இடமில்லை. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

படுக்கை ஓய்வு பற்றிய நம்பிக்கையும் இப்படித்தான் உடைந்தது. முதுகு பிடித்துக்கொண்டால் பலகையில் படு என்பது நம் வீடுகளின் பழைய ஆணை. பின்லாந்தின் ஹெல்சின்கி நகர ஊழியர்களிடம் நடந்து 1995இல் வெளியான ஆய்வில், திடீர் முதுகுவலி வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு 2 நாள் படுக்கை ஓய்வும், இன்னொரு பிரிவினருக்குப் பயிற்சியும் தரப்பட்டன. மூன்றாம் பிரிவினரிடம் முடிந்தவரை வழக்கமான வேலைகளைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். விரைவில் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினர். படுத்தவர்கள்தான் மிகத் தாமதமாகத் தேறினார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதை ஒரு மாநிலம் முழுவதற்குமான பாடமாக்கியது. முதுகுவலி வந்தால் படுத்துவிடாதீர்கள் என்று 1997 முதல் தொலைக்காட்சி விளம்பரங்கள் வந்தன. மக்களின் எண்ணம் மாறியது. மருத்துவர்களின் எண்ணமும் மாறியது. முதுகுவலிக்காகக் கோரப்பட்ட இழப்பீடுகள் குறைந்தன. ஒரு மாநிலத்தின் முதுகை விளம்பரத்தால் நிமிர்த்த முடியும் என்று அப்போது தெரிந்தது.

எலியும் பூனையும்

நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பது இறக்குமதிச் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. அதன் மிகச் சிறந்த அத்தியாயங்களில் ஒன்று இந்திய மண்ணில் எழுதப்பட்டது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவைசிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்று ஆராயத் தொடங்கினார். நோயால் சதை அழுகி விழுகிறது என்பதே அன்றைய நம்பிக்கை. அவர் கண்டது வேறு. நரம்பு உணர்விழந்த கை, சூட்டை அறிவதில்லை, வெட்டை அறிவதில்லை. அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்குகிறார்கள்; ஆணி குத்திய காலோடு நாள் முழுதும் நடக்கிறார்கள். இரவில் சில விரல்கள் காணாமல் போனதற்குக் காரணம் தேடி விழித்திருந்து பார்த்தபோது, தூங்குபவர்களின் உணர்விழந்த விரல்களை எலிகள் கடிப்பது தெரியவந்தது. நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன.

பூனை எலியைப் பார்த்துக்கொண்டது. பகல் நேரத்து ஆபத்துகளுக்கு வேறு காவல் தேவைப்பட்டது. வலி செய்ய வேண்டிய காவலைக் கண் செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். தினமும் கை, கால்களை உற்றுப் பாருங்கள், தண்ணீரில் ஊறவைத்து, காய்த்துப்போன தோலைத் தேய்த்தெடுத்து, எண்ணெய் தடவுங்கள், செருப்பில்லாமல் நடக்காதீர்கள், சூடான பாத்திரத்தைத் துணி சுற்றிப் பிடியுங்கள். நவஜீவ நிலையத்தில் அறுவை முடிந்தவர்கள் தச்சு வேலை கற்றபோது, உளியைப் பிடிக்கும் விதமும் பாடத்தில் சேர்ந்தது. அறுவையால் நிமிர்ந்த விரல், இந்தப் பாடம் இல்லாவிட்டால் அடுத்த தீப்புண்ணில் போய்விடும் என்பதை அங்கிருந்தவர்கள் அறிந்திருந்தார்கள். பிராண்ட் பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே இதே அறிவு நீரிழிவு நோயாளிகளின் உணர்விழந்த பாதங்களுக்கும் பயன்பட்டது. இன்று இந்தியாவில் சர்க்கரை நோயாளிகளிடம் ‘இரவு படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்’ என்று சொல்லப்படும்போது, அந்த வாக்கியத்தின் ஒரு வேர் தொழுநோய் வார்டில் இருக்கிறது.

தண்டுவடக் காயத்தில் இந்தப் பாடம் இன்னும் கடுமையானது. மரத்திலிருந்தோ கட்டடத்திலிருந்தோ விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவரைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் காயமல்ல. பின்னால் வரும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். இரவில் 2 மணிக்கு ஒருமுறை புரண்டு படுப்பது, சக்கர நாற்காலியில் இருக்கும்போது அடிக்கடி கைகளை ஊன்றி உடலை உயர்த்துவது, கண்ணாடி வைத்துப் பின்புறத் தோலைப் பார்ப்பது ஆகியவை அவர் ஆயுள் முழுதும் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம். இதை நிற்கவும் நடக்கவும் முடிந்தவர் சொல்வதைவிட, சக்கர நாற்காலியில் இருப்பவர் சொன்னால் எடுபடும். வேலூரில் இந்தியாவின் முன்னோடி மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த சாலை விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை செய்தவர். டெல்லியில் இந்தியத் தண்டுவடக் காய மையத்தை நிறுவிய மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா, 1965 மே மாதம் எவரெஸ்ட் சிகரம் ஏறி, அதே ஆண்டுப் போரில் குண்டடிபட்டு நடக்க முடியாமல் போனவர். இவர்கள் முன்னால் ‘என்னால் முடியாது’ என்று சொல்ல எந்த நோயாளிக்கும் வாய் வராது.

வீட்டார் கையில் பக்கவாதம்

கற்பித்தலின் எல்லை எது என்ற கேள்விக்கும் இந்தியாவிலேயே ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அது அவ்வளவு இனிப்பான பதிலல்ல.

பக்கவாதம் வந்தவருக்கு மாதக்கணக்கில் பயிற்சி தேவை. கிராமங்களில் சிகிச்சையாளர்கள் இல்லை; ஆனால் குடும்பம் இருக்கிறது. மகனுக்கோ மனைவிக்கோ கற்றுக்கொடுத்து அனுப்பிவிட்டால் என்ன? கேட்பதற்கு அருமையான யோசனை. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் பாண்டியனும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். 2014 முதல் 2016வரை இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்ற பிரிவில், அத்துடன் குடும்பத்தில் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி தரப்பட்டு, வீட்டிலும் அது தொடர்ந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறர் உதவியின்றி இயங்க முடியாதவர்களும் சேர்ந்து இரு பிரிவிலும் 47 சதவிகிதம். வித்தியாசமே இல்லை. 2017இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது.

இதே மருத்துவர் குழுவினர் பங்கெடுத்த இன்னொரு பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. பக்கவாதம் மீண்டும் வராமல் தடுக்க 31 மையங்களில் 4,298 நோயாளிகளிடம் நடந்த சோதனை அது. ஒரு பிரிவினருக்கு 12 மொழிகளில் குறுஞ்செய்திகளும் வீடியோக்களும் பயிற்சிப் புத்தகமும் தரப்பட்டன. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவது போன்ற பழக்கங்களில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஓராண்டில் மறுபடி வந்த பாதிப்புகள் குறையவில்லை.

இதிலிருந்து கற்பிப்பதே வீண் என்ற முடிவுக்கு வருவது அவசரம். நம் வீடுகளில் யாரும் சொல்லாமலே உறவினர்கள் கை காலை நீட்டி மடக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வழக்கமான கவனிப்பு பெற்ற பிரிவிலும் அது நடந்திருக்கலாம். ஆனால் ஆட்சியாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி தெளிவாக இருக்கிறது. சில மணி நேரப் பயிற்சி பெற்ற மருமகளைச் சிகிச்சையாளருக்கு மாற்றாக நிறுத்திச் செலவை மிச்சம் பிடிக்க முடியாது. அந்த மருமகளுக்குச் சமையல் இருக்கிறது, குழந்தை இருக்கிறது, வயல் வேலையும் இருக்கிறது.

குடும்பத்துக்குச் சொல்லியே ஆக வேண்டியவை இருக்கின்றன. அவை பெரும்பாலும் ‘செய்யாதீர்கள்’ என்ற வகை. பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தசைப் பிடிப்பற்ற தோள் மூட்டு நழுவி, மாதக்கணக்கில் வலிக்கும். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் படுத்த நிலையில் தண்ணீர் புகட்டாதீர்கள். அவரால் முடிகிற வேலையை அன்பின் பெயரால் நீங்களே செய்துவிடாதீர்கள். கடைசி விதிதான் இந்தியக் குடும்பங்களுக்கு மிகவும் கஷ்டம். அப்பா தானே சட்டை போட்டுக்கொள்ள 15 நிமிடம் போராடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது, மகனின் கண்களுக்குப் பணிவிடையாகத் தெரிவதில்லை.

இரண்டே பயிற்சி

நன்றாகக் கற்பிப்பது எப்படி என்பதில் ரகசியம் அதிகமில்லை. மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவிகிதம்வரை நோயாளிக்கு உடனே மறந்துவிடுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை 2003இல் கணக்கிட்டது. ஆகவே முதல் விதி, குறைவாகச் சொல். 65 வயதைக் கடந்தவர்களுக்கு 2, 5, 8 என்று வெவ்வேறு எண்ணிக்கையில் பயிற்சிகள் கொடுத்து 1999இல் அமெரிக்காவில் பார்த்தார்கள். இரண்டு மட்டும் பெற்றவர்கள், எட்டு பெற்றவர்களைவிடச் சரியாகச் செய்தார்கள். பன்னிரண்டு படங்கள் அச்சிட்ட தாளை நீட்டி ‘எல்லாம் தினமும் மூன்று வேளை’ என்று சொல்லும் கிளினிக்குகள் இதைக் கவனிக்கலாம். அந்தத் தாளின் இறுதிப் புகலிடம் ஃபிரிட்ஜின் மேல்பக்கம்.

இரண்டாவது விதி, செய்துகாட்டச் சொல். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் இந்தியாவில் ஒரே பதில்தான், தலையாட்டல். பெரியவரோ படித்தவரோ கேட்கும்போது புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு. ‘வீட்டில் எப்படிச் செய்வீர்கள், காட்டுங்கள்’ என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும். அதிலும் நோயாளி பெண்ணாக இருந்து, கூட வந்த கணவரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், இந்த ஒரு சோதனையில்தான் அவரால் பதில் சொல்ல முடியாது.

மூன்றாவது விதி, வீட்டைக் கேள். தோள் இறுகிப்போன ஒரு பெண்ணிடம் ‘கையை இத்தனை டிகிரி உயர்த்த வேண்டும்’ என்று சொல்வதில் பயனில்லை. சுவரில் விரல்களை நடக்கவிட்டு இன்று எட்டிய இடத்தில் ஒரு பென்சில் கோடு போடுங்கள், அடுத்த வாரம் அதைத் தாண்டுங்கள் என்றால் புரியும். பின்னல் போட முடிகிறதா, ரவிக்கைக் கொக்கியைப் போட முடிகிறதா, பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க முடிகிறதா என்பவைதான் அவருடைய டிகிரிகள். எடைக்கட்டு வாங்க வசதியில்லாதவருக்குத் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ எடைக்கட்டு. முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைக்க ஒரு துண்டு போதும். டிவி சீரியலின் ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் அதை அழுத்திப் பத்து எண்ணலாம். புதிதாக நேரம் ஒதுக்கச் சொல்வதைவிட, ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தில் பயிற்சியைக் கொக்கி போட்டு மாட்டுவது எளிது.

வீட்டைக் கேட்காத அறிவுரை எப்படி முடியும் என்பதற்கு முழங்கால் வலியே உதாரணம். ‘தரையில் உட்காராதீர்கள், குந்தாதீர்கள்’ என்பது எளிதாகச் சொல்லப்படும் வாக்கியம். இந்தியக் கழிப்பறை ஒன்று மட்டுமே உள்ள வீட்டில் அது நடக்காத காரியம். மும்பை சாலில் பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பறை என்றால் பேச்சே இல்லை. மருத்துவக் கடைகளில் விற்கும், நடுவில் ஓட்டையுள்ள கழிப்பறை ஸ்டூலைப் பற்றியோ, சுவரில் ஒரு கைப்பிடி பதிப்பதைப் பற்றியோ சொல்லாமல் ‘குந்தாதீர்கள்’ என்று மட்டும் சொன்னால், நோயாளி கீழ்ப்படியாதவராகிவிடுகிறார். தவறு அவருடையதல்ல.

யார் செலவில்?

இந்தியாவில் இத்துறை வளர்ந்தது 1950களில், போலியோ குழந்தைகளின் கால்களைக் காப்பாற்ற. உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பயிற்சிப் பள்ளி அமைந்தது. 1955இல் இந்திய பிசியோதெரபிஸ்டுகள் சங்கம் பிறந்தது. போலியோ போய்விட்டது, 2014 மார்ச்சில் இந்தியாவுக்குப் போலியோ ஒழிப்புச் சான்றும் கிடைத்துவிட்டது. ஆனால் இத்தொழிலுக்கென நாடு தழுவிய சட்டம் வருவதற்கு 2021வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை டெல்லி, மகாராஷ்டிரம் போன்ற சில மாநிலங்களில் மட்டுமே தனிக் கவுன்சில்கள் இருந்தன. சட்டம் வந்த பிறகும் பெரிய சர்ச்சை பட்டத்தைப் பற்றித்தான். 2025 செப்டம்பரில், பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போடக் கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் கடிதம் எழுதியது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. பெயருக்கு முன்னால் என்ன இருக்க வேண்டும் என்பதில் காட்டப்பட்ட வேகம், நோயாளியோடு எத்தனை நிமிடம் பேச வேண்டும் என்பதில் காட்டப்படவில்லை.

அந்த நிமிடங்களுக்குத்தான் யாரும் பணம் தருவதில்லை. தனியார் கிளினிக் வருகைக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. நன்றாகக் கற்றுக்கொடுத்தால் நோயாளி பத்தாவது வருகைக்குப் பதில் நான்காவது வருகையோடு நின்றுவிடுவார். நேர்மையான ஆசிரியருக்கு வருமானம் குறையும் விசித்திரமான பள்ளிக்கூடம் இது. அரசு மருத்துவமனையில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் வேறு சிக்கல் இருக்கிறது. வெளியே வரிசை நீள்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் வீடு தேடி வரும் சேவைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. சிகிச்சையாளர் வீட்டுக்குள் வந்தால், கழிப்பறை, கட்டிலின் உயரம், வாசற்படி எல்லாம் அவர் கண்ணில் படும். கிளினிக்கில் பத்துக் கேள்விகள் கேட்டாலும் கிடைக்காத விவரம் அது. ஆனால் அதற்கும் ஆட்கள் வேண்டும். ஆட்களுக்குச் சம்பளமும் சாலையில் போக வண்டியும் வேண்டும்.

அதுவரை நோயாளிகள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த முறை சிகிச்சை மேஜையிலிருந்து இறங்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்கலாம். எனக்கு என்ன பிரச்சினை என்று என் மொழியில் சொல்ல முடியுமா? வீட்டில் செய்ய வேண்டிய மிக முக்கியமான இரண்டு பயிற்சிகள் எவை? செய்யும்போது எவ்வளவு வலித்தால் பரவாயில்லை, எவ்வளவு வலித்தால் நிறுத்த வேண்டும்? இங்கே வருவதை நான் எப்போது நிறுத்தலாம்? நான்காவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவர் கிடைத்தால், அவரிடம் போனது வீண்போகாது.